பேகனின் போர்வையும் பன்றிக்குட்டியின் குளிரும்

வளர்ப்புப் பன்றியைக் குளிரில் காப்பது கால்நடை வளர்ப்பில் ஒரு சிறு வேலை. ஆனால் அறநூல்கள் நெடுங்காலமாக அலசிவரும் ஒரு கேள்வி அந்த வேலைக்குள் இருக்கிறது. ஓர் உயிரைத் தன் பட்டியில் அடைத்து வைத்திருப்பவர் அதற்குச் செய்யும் உதவி தருமமா, கடனா? தருமம் என்றால் செய்தவருக்குப் புண்ணியம், செய்யாதவருக்குக் குற்றமில்லை. கடன் என்றால் செய்ததற்குப் புகழில்லை, செய்யாவிட்டால் பிழை. காவிரிப் படுகையில் இந்தக் கேள்வி கூடுதல் கூர்மையோடு எழுகிறது. பன்றி முகம் கொண்ட தெய்வங்களுக்கு விழா எடுக்கும் ஊர்கள் இங்கே உண்டு. பன்றியையும் அதை வளர்ப்பவரையும் ஊருக்கு ஓரமாக நிறுத்தும் வழக்கமும் அதே ஊர்களில் உண்டு.

ஈரம் என்னும் குளிர்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் குளிர் மலைநாட்டுக் குளிரைப் போன்றதில்லை. மார்கழி, தை மாத இரவுகளிலும் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். இங்கே உயிர்களை வாட்டுவது ஈரம். ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம். களிமண் தரை தண்ணீரைச் சீக்கிரம் உள்வாங்காது. வயலும் வாய்க்காலும் கொல்லைப்புறமும் ஒரே மட்டத்தில் ததும்பும். மழை விட்டால் வாடை, வாடை தணிந்தால் பனி. சொதசொதத்த தரையில் நனைந்த தோலோடு காற்றை வாங்கிக்கொண்டு படுத்திருக்கும் விலங்குக்கு 20 டிகிரியே கடுங்குளிர்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, கூரை பறந்துபோன கொட்டில்களில் ஏராளமான கால்நடைகள் மடிந்தன.

பன்றிக்குட்டிக்கு இந்தக் குளிர் மற்ற குட்டிகளுக்கு இருப்பதைவிடப் பெரிய சோதனை. அது ஒன்று முதல் ஒன்றரை கிலோ எடையில், ஏறத்தாழ மயிரில்லாத தோலோடு பிறக்கிறது. ஆட்டுக்குட்டி, மனிதக் குழந்தை உட்படப் பல பாலூட்டிகளின் குட்டிகளுக்குப் பிறக்கும்போதே உடலில் பழுப்புக் கொழுப்பு இருக்கும். அது எரிந்து சூடு தரும். பன்றிக்குட்டிக்கு அந்த வசதி இல்லை. அந்தக் கொழுப்பை எரிக்கத் தேவையான மரபணு பன்றியின் முன்னோரிடம் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே செயலிழந்துவிட்டது என்பதை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, நடுங்குவதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து படுப்பதும் தவிர அதற்கு வேறு வழியில்லை. 39 டிகிரி வெப்பமுள்ள கருப்பையிலிருந்து 22 டிகிரித் தரையில் விழும் குட்டியின் உடல்சூடு சிறிது நேரத்திலேயே இரண்டு டிகிரி வரை இறங்கிவிடும்.

குளிர் நேரடியாகக் கொல்வது குறைவு. அது பசியின் வழியாகக் கொல்லும். பன்றியின் நஞ்சுக்கொடி வழியே நோய் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்குச் செல்வதில்லை. பிறந்த முதல் நாளுக்குள் குடிக்கும் சீம்பாலே அதற்குக் காப்பு. விறைத்துப்போன குட்டிக்கு மடியைத் தேடிப் போகவும் முட்டிக் குடிக்கவும் தெம்பிருக்காது. குடிக்காத குட்டி மேலும் குளிரும். சூடு தேடித் தாயின் வயிற்றோடு ஒட்டிப் படுத்தால், தாய் புரண்டு படுக்கும்போது நசுங்கிச் சாகும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குட்டிக்கு முதல் சில நாள்களில் 32 முதல் 34 டிகிரி வெப்பம் வேண்டும். தாய்க்கோ 20 டிகிரி அளவே சுகம்; உடலைக் குளிர்விக்கும் அளவுக்குப் பன்றிக்கு வியர்க்காது என்பதால் 30 டிகிரியில் அது மூச்சிரைத்துத் தீவனத்தைக் குறைத்துவிடும். ஒரே கொட்டிலில் தாய்க்கு ஒரு பருவம், சேய்க்கு ஒரு பருவம் என இரண்டையும் அமைத்தாக வேண்டும். அன்பு மட்டும் இதற்குப் போதாது, விலங்கின் இயல்பை அறிந்திருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் கால்நடை அறிவும் அறமும் ஒன்றையொன்று தொடுகின்றன.

தாய் கட்டும் படுக்கை

காட்டுப்பன்றி குட்டி ஈனுவதற்கு முந்தைய நாள் கூட்டத்தை விட்டு விலகி, மண்ணைக் கிளறிப் பள்ளம் பறித்து, புல்லையும் சருகையும் சுள்ளியையும் வாயால் கவ்விவந்து படுக்கை அமைக்கும். குட்டிகளுக்கு வேண்டிய சூட்டை அந்தப் படுக்கை தேக்கி வைக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரிடம் வளர்ந்த பிறகும் இந்த இயல்பு மாறவில்லை. ஈனும் தறுவாயில் உள்ள வெண்பன்றிக்கு வைக்கோல் கொடுத்தால், அது வாய் நிறையக் கவ்விக்கொண்டு மூலைக்கு நடந்து, முன்னங்காலால் பறித்துக் குவித்து, மூக்கால் தள்ளி ஒழுங்கு செய்து படுக்கும். வைக்கோல் இல்லாத சிமென்ட் தரையிலும் முன்னங்கால் அதே வேலையைச் செய்யும். எதுவும் குவியாத வெறுந்தரையை மீண்டும் மீண்டும் பறித்துக்கொண்டே இருக்கும்.

முதலில் கேட்ட கேள்விக்கான விடையின் முதல் பகுதி இங்கே கிடைக்கிறது. காட்டில் உள்ள பன்றிக்குப் போர்வை கொடுக்க யாரும் கடமைப்பட்டவரில்லை. அது தன் ஏற்பாட்டைத் தானே செய்துகொள்ளும். அதைக் கொண்டுவந்து அடைத்தவர், அது தன்னைக் காத்துக்கொள்ளும் வழியைப் பறித்துவிட்டார். பறித்ததைத் திருப்பித் தருவது ஈகைக் கணக்கில் சேராது. வைக்கோல் போடுவது, வாங்கிய கடனை அடைப்பது.

பேகன் செய்ததும் செய்யாததும்

விலங்கின் குளிருக்கு இரங்கிய தமிழ் மரபின் முதல் பெயர் பேகன். கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவன் பொதினி மலைக்கு, அதாவது இன்றைய பழனி மலைப் பகுதிக்குத் தலைவன். மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் மேலாடையை அதற்கு அளித்தவன் என்று சங்கப் பாடல்கள் அவனைப் புகழ்கின்றன. மயில் உடுத்தவோ போர்த்தவோ போவதில்லை என்பதை அறிந்தும் கொடுத்தான் என்கிறார் பரணர். பயன் பாராமல் கொடுக்கும் இந்த இயல்பைத் தமிழ் மரபு கொடைமடம் என்று பெருமையாகவே சொல்கிறது.

கொடுத்தவனின் நெஞ்சைப் பார்த்தால் அந்தப் புகழ் தகும். பெற்ற உயிரின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறாகிறது. மயிலுக்கு இறகே போர்வை. பேகனின் மேலாடை அதன் தேவை எதையும் தீர்த்திருக்காது. புறநானூறு இந்தக் குறையைக் காணாமல் விட்டுவிடவும் இல்லை. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் வாழ்ந்தபோது, கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவளுக்கு இரங்குமாறு அவனை வேண்டிப் பாடினார்கள். பரணர் ஒரு பாடலில் அவனை மயிலுக்கு இரங்கியவனே என்று விளித்து, தாம் பசித்து வரவில்லை, தாங்க வேண்டிய சுற்றத்தின் சுமையும் தமக்கு இல்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைத் தீர்ப்பதே தாம் வேண்டும் பரிசில் என்கிறார்.

சங்கப் புலவர்கள் விட்டுச்சென்ற நுட்பமான அறப்பாடம் இது. கண்ணுக்கு அழகான உயிரிடம் இரக்கம் தானாகவே பெருகும். அந்த இரக்கம் உண்மையானதா என்பதை, தன்னை நம்பியிருக்கும் உயிரிடம், அதற்கு வேண்டியது எதுவோ அதைக் கொடுக்கிறதா என்று பார்த்தே சொல்ல வேண்டும். மயிலுக்குப் போர்வை தேவையில்லை, ஆனால் கிடைத்தது. பன்றிக்குட்டிக்குச் சூடு தேவை. அதற்கு இரங்க எந்த வள்ளலும் தேரை நிறுத்தியதாகப் பாட்டில்லை.

சாபம் பெற்றவர்க்கும் பால்

பன்றியின் பிறவியே வினையின் பயன், அது படும் துன்பம் அதன் கணக்கு, குறுக்கே நிற்க மனிதர் யார் என்று ஒரு வாதம் உண்டு. வினைக்கொள்கையைத் தவறாகப் பிடித்துக்கொண்டவர்கள் அடிக்கடி சொல்வது இது. இதற்கான மறுப்பு சைவப் புராண மரபிலேயே இருக்கிறது.

படுகையின் தென்கோடியில் உள்ள திருமறைக்காட்டில், அதாவது வேதாரண்யத்தில் பிறந்தவர் பரஞ்சோதி முனிவர். அவர் இயற்றிய திருவிளையாடற் புராணத்தின் 64 படலங்களில் 45-ஆவது, பன்றிக்குட்டிகளுக்குச் சிவபெருமான் பால் கொடுத்ததைச் சொல்கிறது. சுகலன் என்னும் வேளாளரின் பன்னிரண்டு பிள்ளைகள், தவத்தில் இருந்த குருவை அவமதித்து, பன்றிக்குட்டிகளாகப் பிறந்து தாயை இழந்து வாடும்படி சாபம் பெறுகிறார்கள். பாண்டியனின் வேட்டையில் தாயும் தந்தையும் மாள, குட்டிகள் பசியால் கதறுகின்றன. மதுரைச் சொக்கநாதர் தாய்ப்பன்றியின் வடிவெடுத்துவந்து பாலூட்டுகிறார். அடுத்த படலத்தில் அந்தக் குட்டிகள் அறிவு பெற்றுப் பாண்டியனின் அமைச்சர்கள் ஆகிறார்கள். மதுரைக் கோயில் சிற்பங்களில் இந்தக் காட்சியைக் காணலாம்.

கதையின் கட்டமைப்பு கவனிக்கத் தக்கது. பிள்ளைகள் செய்த குற்றம் பொய்யில்லை. சாபம் அநியாயமென்று புராணம் சொல்லவில்லை. தண்டனை தகுந்ததாக இருந்தும் பால் மறுக்கப்படவில்லை. வினைக்கணக்கை எழுதி வைத்திருப்பவனாகச் சைவம் எவனைச் சொல்கிறதோ, அவனே கணக்கைக் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதபோது, கணக்கே தெரியாத மனிதருக்கு அந்தச் சாக்கு செல்லாது. எவ்வுடலில் இருந்தாலும் உயிர் உயிரே, உடல் மாறி மாறி வருவது என்ற சைவ சித்தாந்தக் கொள்கையும் இதையே வலியுறுத்துகிறது. இன்னொன்றும் உண்டு: இறைவன் கொடுத்தது ஆசியோ உபதேசமோ இல்லை. பசித்த குட்டிக்குத் தாய்மடி. எந்த உயிருக்கு எது வேண்டுமோ அது.

கருவறையிலும் கொட்டிலிலும்

1010-இல் குடமுழுக்கு கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் வளாகத்தில் வாராகிக்குத் தனிச் சன்னிதி உண்டு. ஆஷாட நவராத்திரியில் பன்றிமுகத்து அம்மனுக்கு மஞ்சள், குங்குமம், சந்தனம், தேங்காய்ப்பூ, காய்கறி என்று நாளொரு அலங்காரம் நடக்கும். மண்ணுக்கடியில் விளையும் கிழங்குகள் அவளுக்கு உகந்த படையல். சோழர் கோயில்களின் கருவறைப் பின்சுவர் மாடத்தில் நிற்கும் லிங்கோத்பவரின் அடியில், திருமால் பன்றியாகி மண்ணைத் துளைத்துப் போகிறார். கொள்ளிடத்துக்கு வடக்கே ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாள் மூலவர். மாசி மகத்துக்கு அவர் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, பன்றி இறைச்சியை விலக்கிய மார்க்கத்தைச் சேர்ந்த இஸ்லாமியர்கள் தர்காவில் அவரை வரவேற்பது நெடுநாள் வழக்கம்.

தெய்வத்துக்குக் குளிரும் என்று எண்ணிப் போர்வை சாத்தும் மரபும் இங்கே இருக்கிறது. கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசியில் திருவரங்கத்தில் நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாத்துகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் 108 போர்வைகள். அன்றைக்கு வாசிக்கப்படும் கைசிக மாகாத்மியம் வராக புராணத்தில் வருவது. அதை நிலமகளுக்குச் சொல்பவர் வராகப் பெருமாள். பன்றி வடிவில் இறைவன் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, குளிர்காலத் தொடக்கத்தில் இறைவனுக்குப் போர்வை சாத்துகிறார்கள்.

இந்த வழிபாட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிரும் பசியும் இல்லாத பரம்பொருளுக்குப் போர்வை சாத்துவது அன்பு பழகும் வழி. பழகிய அன்பு பழகியதோடு நின்றுவிட்டால்தான் குறை. தை பிறந்து மாட்டுப்பொங்கல் வரும்போது மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசி மாலை போடுவார்கள். பன்றிக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அதற்கு ஒன்றிரண்டு நாள் தள்ளி, ஜனவரி 17 அன்று கத்தோலிக்கர் கொண்டாடும் வனத்து அந்தோணியார் திருநாள் இந்த வகையில் ஒரு விதிவிலக்கு: அந்தத் துறவியின் காலடியில் பன்றி நிற்பது திருவுருவ மரபு. விலங்குகளை மந்திரிக்கும் நாளாகவும் அது பல நாடுகளில் வழங்குகிறது. ஆனால் அதே கிறிஸ்தவ மரபில், பேய்கள் புகுந்த பன்றிக்கூட்டம் கடலில் விழுந்து மாண்ட நற்செய்திக் கதையைக் காட்டி, விலங்குகளிடம் மனிதருக்கு அறக்கடமை இல்லை என்று புனித அகுஸ்தினார் வாதிட்டதும் உண்டு. எல்லாச் சமயங்களிலும் இரண்டு குரல்களும் இருக்கின்றன. எதைக் கேட்பது என்பதைச் சமயத்தின் பெயரைக் கொண்டு தீர்க்க முடியாது.

கொல்லப்போகும் உயிருக்கு எதற்குச் சூடு?

கடைசியாக வரும் மறுப்பு இதுதான்: பன்றி இறைச்சிக்காக வளர்க்கப்படுவது, ஆறேழு மாதத்தில் அறுபடப்போகும் விலங்குக்குச் சுகம் எதற்கு? இதே கேள்வியைப் புலால் மறுப்பவர் வேறு திசையிலிருந்து கேட்பார்: கொல்வதையே விடாமல் குளிருக்கு வைக்கோல் போடுவது போலி அறமில்லையா?

வள்ளுவர் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரங்களாக வைத்தார். இன்னா செய்யாமை அவற்றிலிருந்து வேறான இன்னோர் அதிகாரம். பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பமாகக் கொள்ளாதபோது அறிவினால் ஆவதென்ன என்று கேட்பது அங்கேதான். இந்தப் பகுப்பு பயனுள்ளது. கொலை ஒரு கேள்வி, கொலைக்கு முன் உள்ள வாழ்நாள் இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு ஊர் ஒரே விடை சொல்லும்வரை இரண்டாவதைத் தள்ளிப்போட்டால், நடுங்கும் குட்டிக்கு அந்த வாதத்தால் கிடைப்பது எதுவுமில்லை. அறுபடும் நாள் ஒன்று. அதற்கு முன் உள்ள ஒவ்வோர் இரவும் அந்த விலங்குக்கு முழு இரவுதான்.

1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், உயிர்கள் படும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என ஏழாக வகுத்தார். அவற்றில் பசியையும் கொலையையும் தலையாயவையாக வைத்தார். குளிர் அந்தப் பட்டியலில் தனிப் பெயராக வரவில்லை. ஆனால் பன்றிக்குட்டியின் விஷயத்தில் குளிர் பசியாகவும் பிணியாகவும் மாறுவதைப் பார்த்தால், அது அவர் சொன்ன ஜீவகாருண்யத்துக்கு வெளியே நிற்கவில்லை என்பது தெளிவு.

குட்டி சாகாவிட்டால் வளர்ப்பவருக்கு லாபம், லாபத்துக்காகச் செய்வது அறமாகுமா என்பதும் கேட்கப்படுகிறது. கடன் என்று ஏற்றுக்கொண்டால் இந்தக் கேள்வியின் கூர் மழுங்கிவிடுகிறது. கடனைத் திருப்பித் தருபவர் மனமுவந்து தந்தாரா, முகம் சுளித்துத் தந்தாரா என்று பார்ப்பதற்கு முன், தந்தாரா என்றே பார்க்கிறோம். ஆதாயமும் கடனும் ஒரே பக்கம் இழுக்கும் இடங்களில் அறம் எளிதாக நடக்கும். எடை தேறாத நோஞ்சான் குட்டியைச் சூட்டுக்குள் நகர்த்தி வைப்பதில் ஆதாயம் குறைவு. மனம் வெளிப்படுவது அங்கே.

சட்டம் கடன் என்றே பேசுகிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்கு வேண்டிய நியாயமான ஏற்பாடுகள் அனைத்தையும் செய்வது கடமை என்கிறது. போதிய உணவு, நீர், உறைவிடம் தராதது 11-ஆவது பிரிவின்படி குற்றம். 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் விலங்கு நலனின் ஐந்து விடுதலைகளை எடுத்துக்காட்டியது. அவற்றுள் ஒன்று, உடல் உபாதையிலிருந்தும் வெப்பதட்ப உபாதையிலிருந்தும் விடுதலை. பின்னர் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்திருத்தத்தால் ஜல்லிக்கட்டுக்கு அனுமதி கிடைத்தது; அந்தத் திருத்தத்தை 2023-இல் அரசியல்சாசன அமர்வு ஏற்றது. வளர்ப்பவரின் கடமை அதனால் குறையவில்லை.

கடனின் அளவு

இந்தக் கடனை அடைக்கப் பெரும்பணம் வேண்டியதில்லை. நெல் விளையும் நாட்டில் வைக்கோலும் உமியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. குறுவை வைக்கோல் அறுவடையின்போதே மழையில் சிக்கிக்கொள்வது வழக்கம். ஈர வைக்கோல் பூஞ்சணம் பிடித்து மூச்சுக்கோளாறைக் கொண்டுவரும். ஆகவே தையில் அறுத்த சம்பா, தாளடி வைக்கோலில் ஒரு பங்கைப் போரிலிருந்து மழைக்கு முன்பே எடுத்துக் காய்ந்த இடத்தில் வைப்பது நல்லது. தரையைச் சுற்றுப்புறத்தைவிட மேடாக்கி, மூத்திரமும் மழைநீரும் வடியச் சரிவு விட வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் சாக்குப் படுதா அல்லது தார்ப்பாய் கட்டி, மேல்பக்கம் காற்றுப்போக இடம் விட வேண்டும். முற்றிலும் மூடினால் மூத்திர நெடி நுரையீரலைக் கெடுக்கும். குட்டிகளுக்கு மட்டும் நுழைவழியுள்ள ஒரு மூலையைத் தடுத்து, அதற்குமேல் தாயின் வாய்க்கு எட்டாத உயரத்தில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டால் இரண்டு பருவங்களும் ஒரே கொட்டிலில் அமைந்துவிடும். ஒயர் பல்லுக்கு எட்டக் கூடாது. விளக்கு வைக்கோலைத் தொடக் கூடாது. கணப்பு மூட்டிப் புகையவிடக் கூடாது.

ஏற்பாடு சரியா என்பதைக் குட்டிகளே காட்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்திருந்தால் குளிர்கிறது. விளக்கை விட்டு ஓரங்களில் சிதறிப் படுத்திருந்தால் சூடு கூடிவிட்டது. பக்கத்தில் பக்கமாக, கால் நீட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தால் போதுமான சூடு இருக்கிறது. தன் ஊகத்தை விட்டுவிட்டு உயிரின் நிலையைப் பார்த்துக் கொடுக்கும் இந்தப் பழக்கம் பேகனிடம் இல்லாதது. எந்தக் கொட்டிலிலும் பழகக்கூடியது.

ஓர் உயிரை அடைத்து வைத்தவர் அதன் குளிருக்குப் பொறுப்பாளி. அதன் முகமோ, ஊர் அதற்குத் தரும் மதிப்போ, அதன் முடிவு என்ன என்பதோ அந்தப் பொறுப்பைக் குறைப்பதில்லை. கார்த்திகை மழைக்கு முன் கொட்டிலில் காய்ந்த வைக்கோல் பரப்புபவர் வள்ளலாகிவிடுவதில்லை. தம் கடனைச் செய்தவர் ஆகிறார். பரப்பாதவரிடம் அந்தக் கடன் நிலுவையில் நிற்கிறது.